விடுமுறையில் முதல் அலைச்சறுக்குப் பாடம்: சிங்கப்பூரிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் ஈஸ்ட் கோஸ்ட் கரையிலிருந்து தெரியும் கப்பல் வரிசையும், முழங்கால் உயரம்கூட எழாத அலைகளும்தான் நினைவுக்கு வரும். மேற்கே சுமத்ராவும் தெற்கே பாத்தாம், பிந்தான் தீவுகளும் இந்தியப் பெருங்கடலின் அலைகள் நம்மை வந்தடையாமல் தடுத்துவிடுகின்றன. தென்சீனக் கடலில் பருவக்காற்று எழுப்பும் அலைகளும் ஜொகூரின் முனையைச் சுற்றி நீரிணைக்குள் நுழைவதற்குள் வலுவிழந்துவிடுகின்றன. ஆகவே, அலைச்சறுக்கைக் கற்றுக்கொள்ள விரும்புபவர் இங்கே பம்புகளால் நீரைப் பாய்ச்சி உருவாக்கும் செயற்கை அலையை நாட வேண்டும். இல்லையென்றால் விடுமுறையில் வேறொரு கரைக்குச் செல்ல வேண்டும். செயற்கை அலை உடலின் சமநிலையைப் பழக்குவதற்கு நல்லது. ஆனால் அங்கே அலை ஒரே இடத்தில் நிற்க, நீர் மட்டுமே காலடியில் ஓடுகிறது. வருகின்ற அலையை அடையாளம் காண்பது, அதற்கு ஈடாகக் கைகளால் நீரை வலித்து முன்னேறுவது, அலை தூக்கும் கணத்தை உணர்வது ஆகியவற்றைக் கடலில் மட்டுமே கற்க முடியும்.

முதல் பாடம் நன்றாக அமையுமா என்பது பெரும்பாலும் பலகையில் ஏறுவதற்கு முன்பே, எந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் போகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. பலர் முதலில் விமானச்சீட்டையும் ஹோட்டலையும் பதிவுசெய்துவிட்டு, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அலைச்சறுக்குப் பள்ளியைத் தேடுகிறார்கள். பள்ளி விடுமுறை நாள்களை மாற்ற முடியாத நமக்கு அந்த வரிசை பொருந்தாது. விடுமுறை எந்த மாதத்தில் வருகிறதோ, அந்த மாதத்தில் புதியவருக்கு ஏற்ற கடல் எது என்று பார்த்து, அதன் பிறகே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாதமும் கரையும்

ஜூன் விடுமுறைக்குப் பலரும் முதலில் நினைப்பது பாலித் தீவைத்தான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவத்தில் அங்கே தென்கிழக்குக் காற்று வீசுகிறது. தீவின் மேற்குக் கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அலையின் முகம் கலையாமல் சீராக இருக்கிறது. கூத்தா, லெகியான் கரைகளில் அடித்தளம் மணல். விழுந்தாலும் காயம் படும் வாய்ப்பு குறைவு. ஆனால் தென் அரைக்கோளத்தின் குளிர்காலப் புயல்கள் பெரிய அலைகளை அனுப்புவதும் இதே மாதங்களில்தான். வெளிப்புறத்தில் ஆளுயர அலைகள் உடையும் நாளிலும், அவை உடைந்து நுரையாகிக் கரையை நோக்கி வரும் இடுப்பளவு நீரில் புதியவர்கள் பாதுகாப்பாகப் பழகலாம். உங்கள் பயிற்சியாளர் அந்த எல்லையைத் தாண்டி அழைத்துப் போகாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உலுவத்து, பாடாங் பாடாங் போன்ற புகழ்பெற்ற இடங்கள் பவளப்பாறையின் மேல் அலை உடையும் இடங்கள். அவற்றைக் குன்றின் மேலிருந்து பார்த்து ரசிக்கலாம். முதல் பாடத்துக்கு அவை உகந்தவை அல்ல.

இலங்கைக்குச் செல்வோர் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கரை. கிழக்கில் பொத்துவிலை அடுத்த அறுகம் குடா உலகெங்குமிருந்து அலைச்சறுக்கர்களை ஈர்க்கும் இடம். சுற்றுவட்டாரத்தில் தமிழிலேயே பேசிப் புழங்கலாம் என்பது நமக்குக் கூடுதல் வசதி. அங்குள்ள முதன்மையான அலை பாறையை ஒட்டி உடைவதால், புதியவர்களை அருகிலுள்ள மென்மையான மணற்பகுதிகளுக்கே அழைத்துச் செல்வார்கள். கொழும்பிலிருந்து சாலைவழியே செல்ல ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் ஆகும் என்பதால் குறுகிய விடுமுறைக்கு அது ஏற்றதல்ல. தெற்கிலுள்ள வெலிகம அப்படியல்ல. அகன்ற விரிகுடா, மணல் அடித்தளம், மெதுவாக உருண்டு வரும் அலை, நெடுஞ்சாலைப் பயணம் என எல்லாம் கைகொடுக்கும் இடம். நவம்பர், டிசம்பர் விடுமுறையில் முதல் பாடத்துக்கு ஒரே ஓர் ஊரின் பெயரைச் சொல்லும்படி என்னைக் கேட்டால் வெலிகமவைத்தான் சொல்வேன். ஒரு வார மார்ச் விடுமுறைக்கும் அது பொருந்தும்.

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கோவளத்தைத் தமிழ்க் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே மீனவக் குடும்பங்களில் பிறந்து, நடக்கத் தொடங்கிய நாள் முதல் அந்தக் கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள். அடுத்துள்ள மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஆசிய அலைச்சறுக்கு வெற்றியாளர் போட்டியே நடந்தது. அலை முதுகுக்குப் பின்னால் இரையும் அந்தச் சில நொடிகளில், "கீழ பாக்காதீங்கண்ணா, கரையப் பாருங்க, இப்ப எழுந்திருங்க!" என்று தமிழில் கேட்கும் குரலுக்கு உடல் உடனே பணிகிறது. வேறொரு மொழியில் கேட்டு, பொருளை உணர்ந்து, அதன் பிறகு அசைய அப்போது நேரம் இருக்காது. குறிப்பாகத் தாத்தா பாட்டியைப் பார்க்கச் செல்லும் பிள்ளைகளுக்கு இது மறக்க முடியாத பாடமாக அமையும். ஜூன் மாத வெயிலைத் தவிர்க்க விடியற்காலையிலேயே நீரில் இறங்கிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வரும் காலம். மார்கழிக் கச்சேரிகளுக்கோ திருமணங்களுக்கோ சென்னை செல்பவர்கள், அந்தப் பயணத்தில் அலைச்சறுக்கையும் சேர்த்துத் திட்டமிடாமல் இருப்பதே நல்லது.

ஆண்டிறுதியில் வெகுதூரம் பறக்க விரும்பாதவர்களுக்கு மலேசியாவின் கிழக்குக் கரை இருக்கிறது. குவாந்தானுக்கு வடக்கேயுள்ள செராத்திங்கில் நவம்பர் முதல் மார்ச் வரை அலைகள் உண்டு. நம் வீட்டுக்கு மிக அருகிலுள்ள தெசாருவிலும் அதே பருவத்தில் அலை எழும். ஆனால் இவை பருவக்காற்று நேரடியாக எழுப்பும் அலைகள் என்பதால் கடல் கொந்தளிப்பாகவும் நீரோட்டம் வலுவாகவும் இருக்கும். கனமழையில் சாலைகள் வெள்ளத்தில் மூழ்குவதும் உண்டு. பயிற்சியாளர் துணையில்லாமல், பலகையை மட்டும் வாடகைக்கு எடுத்து இறங்கிப் பார்ப்பதற்கான கடல் அல்ல அது. செப்டம்பர் விடுமுறையில் புக்கெட் தீவின் காத்தா கரையும் ஏற்றதுதான். டிசம்பரில் அங்கே போனால் கடல் குளம்போல இருக்கும்.

பயணத்துக்குச் சில நாள்களுக்கு முன்பு அலை முன்னறிவிப்புச் செயலியைப் பார்ப்பவர்கள் அலையின் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே நொடிக்கணக்கில் ஓர் எண் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம் அது. 1 மீட்டர் உயரமுள்ள அலை 6 நொடிக்கு ஒருமுறை வருவதும் 14 நொடிக்கு ஒருமுறை வருவதும் ஒன்றல்ல. பின்னது நெடுந்தொலைவிலிருந்து ஆற்றலைத் திரட்டி வருவது. கரையை நெருங்கும்போது இன்னும் உயர்ந்து வலுவாக உடையும். முன்னது அடுக்கடுக்காக வந்து மூச்சுவாங்க விடாமல் செய்யும். இரண்டு எண்களையும் பயிற்சியாளரிடம் காட்டி, "புதியவருக்கு இது ஏற்ற நாளா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன் கடலைத் திரும்பிப் பார்க்கிறாரா என்பதைக் கவனிப்பது பயனுள்ளது.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதும் நம்மைத் தயார்ப்படுத்துவதும்

ஒரு பயிற்சியாளரின் பொறுப்பில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளைகள் என்றால் இருவர் போதும். அனைத்துலக அலைச்சறுக்குச் சங்கத்தின் பயிற்சியாளர் சான்றிதழோ, உயிர்காப்பு, முதலுதவிப் பயிற்சியோ அவருக்கு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். முதல் பாடத்துக்கு 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேற்பரப்பு மென்மையான நுரைப்பலகையையே தர வேண்டும். கடினமான குட்டைப் பலகை பார்க்க அழகாக இருக்கலாம். அது புதியவரைத் தாங்காது, தலையில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும். மணலில் குறைந்தது இருபது நிமிடமாவது சொல்லிக்கொடுக்காமல் நேரே நீருக்குள் அழைத்துச் செல்லும் பள்ளியை, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

இடுப்பளவு நீரில்தானே பாடம் என்று எண்ணி நீந்தத் தெரியாமல் போகக் கூடாது. மணல் அடித்தளத்தில் திடீர்ப் பள்ளங்கள் இருக்கும். பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு அறுந்துபோகவும் கூடும். நிற்காமல் 50 மீட்டர் நீந்தவும், பதற்றமின்றி மல்லாந்து மிதக்கவும் தெரிந்திருப்பதை நான் குறைந்தபட்சத் தகுதியாகக் கருதுகிறேன். தொடக்கப்பள்ளியில் ஸ்விம்சேஃபர் பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு இதன் அடிப்படை தெரிந்திருக்கும். பெற்றோர்தான் பேட்டை நீச்சல் குளத்தில் சில வாரங்கள் பழக வேண்டியிருக்கும். அதே வாரங்களில் வரவேற்பறைத் தரையில் ஒரு யோகா பாயை விரித்து, குப்புறப் படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதை நாள்தோறும் பத்து முறை செய்தால், கடலில் தோள்கள் அவ்வளவு விரைவில் தளர்ந்துவிடாது. பயணக் காப்புறுதி வாங்கும்போது அலைச்சறுக்குக் காயங்களுக்கு அது ஈடு தருகிறதா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் கண்ணாடி அணியாதவர்கள் குறைவு என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடியுடன் நீரில் இறங்க முடியாது. ஒருநாள் மட்டும் பயன்படுத்தும் கான்டாக்ட் லென்ஸை அணிந்து, அலைக்குள் மூழ்கும்போது கண்களை இறுக மூடிக்கொண்டு, பாடம் முடிந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். கடல்நீர் பட்ட லென்ஸை இரவு வரை கண்ணில் வைத்திருந்தால் தொற்று வரக்கூடும். லென்ஸும் இல்லாதவர்கள் தங்கள் கிட்டப்பார்வையைப் பற்றிப் பயிற்சியாளரிடம் முன்பே சொல்லி, "கரைக்கு வா", "அங்கேயே நில்" என்பவற்றுக்குக் கையை உயர்த்திக் காட்டும் பெரிய சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ரேஷ் கார்டு எனப்படும், உடலை ஒட்டிய முழுக்கை நீச்சல் மேலாடையும் நீச்சலுக்கான நீண்ட கால்சட்டையும் ஆண் பெண் அனைவருக்கும் பொருந்தும். வெயிலிலிருந்தும், பலகையில் உராய்ந்து வயிறும் முழங்காலும் சிவந்துபோவதிலிருந்தும் அவை காக்கும். தொளதொளவென்ற டி-சட்டை நீரில் கனத்து இழுக்கும். மோதிரம், மெட்டி, வளையல், காதில் தொங்கும் நகைகள் எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதைக் கழுத்து மூடிய ரேஷ் கார்டுக்குள் இறுக்கமாக அடக்கிக்கொள்ளலாம். கூந்தலைத் தளரப் பின்னாமல் இறுக்கிப் பின்னி, நுனியையும் கட்டிவிட வேண்டும். முகத்துக்குத் துத்தநாகம் கலந்த, நீரில் கரையாத வெயில்தடுப்புப் பசையைத் தடவுங்கள். ஆனால் தடவிய கையோடு பலகையைத் தொட்டால் பிடி வழுக்கும். வெப்பமண்டலக் கரைகளில் பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து அலைகளைக் கலைத்துவிடுவதால், காலை வகுப்பையே கேளுங்கள்.

மணலில் கற்பது

பயிற்சியாளர் மணலில் பலகையின் உருவத்தை வரைந்து அதன்மேல் படுக்கச் சொல்வார். பலகையின் நடுக்கோட்டில் உடல் நேராகக் கிடக்க வேண்டும். கால்விரல்கள் பலகையின் பின்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதிகம் முன்னே படுத்தால் அலை தூக்கியதும் பலகையின் மூக்கு நீருக்குள் குத்தும். அதிகம் பின்னே படுத்தால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். இந்த இரண்டு தவறுகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு சாண்தான். பலகையின் மேல் உங்கள் முகவாய் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்பதை மணலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால், நீரில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படுக்கலாம்.

எழுந்து நிற்பதைப் பகுதி பகுதியாகப் பாருங்கள். உள்ளங்கைகள் இரண்டும் மார்பின் பக்கவாட்டில், கடைசி விலா எலும்புகளுக்கு நேராகப் பலகையின் மேல் பதிய வேண்டும். பலகையின் ஓரங்களைப் பற்றினால் நீங்கள் எழும்போதே அது சாய்ந்துவிடும். முழங்கைகள் உடலை ஒட்டி மேல்நோக்கி மடங்கியிருக்கட்டும். கைகளை நீட்டி மார்பை உயர்த்துங்கள். அதே வேகத்தில் முன்னங்கால் இரு கைகளுக்கும் இடையே வந்து இறங்க வேண்டும். பின்னங்கால் தானாகவே குறுக்காகத் திரும்பி நிற்கும். முழங்காலை ஊன்றி எழுவது எளிதாகத் தோன்றும். ஆனால் முழங்காலில் நிற்கும் அந்த ஒரு நொடியில் உடலின் எடை பக்கவாட்டில் சாய்ந்துவிடுவதால், மூட்டுவலி இல்லாதவர்கள் அந்தப் பழக்கத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. நின்றதும் முழங்கால்கள் மடங்கியிருக்க, இடுப்பு தாழ்ந்திருக்க, பார்வை கரையிலுள்ள ஒரு மரத்தின் மீதோ குடையின் மீதோ இருக்க வேண்டும். பாதங்களைப் பார்ப்பவர் பாதங்களின் மேலேயே விழுவார்.

எந்தக் கால் முன்னே வர வேண்டும் என்பதற்குச் சட்டமில்லை. பின்னாலிருந்து யாராவது இலேசாகத் தள்ளும்போது எந்தக் கால் முதலில் முன்னே போகிறதோ, அது முன்னங்கால். லீஷ் எனப்படும் கால்கயிற்றை எப்போதும் பின்னங்காலின் கணுக்காலில்தான் கட்ட வேண்டும்.

நீருக்குள்

ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைகிறது. 1 மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும் என்பதால், அதன் நுரை உங்களை வந்தடையும்போது நீங்கள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருப்பீர்கள். முதல் பாடம் முழுவதும் இந்த நுரை அலையிலேயே நடக்கும். பலகையைக் கடலுக்குள் கொண்டுபோகும்போது அதை உங்கள் பக்கவாட்டில், மூக்கு கடலை நோக்கியிருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் பலகை குறுக்காக ஒருபோதும் இருக்கக் கூடாது. அலை பலகையைத் தூக்கி உங்கள் முகத்தின் மேலேயே எறிந்துவிடும்.

பயிற்சியாளர் பலகையைத் தள்ளிவிட்டதும் எழுந்துவிட அவசரப்படாதீர்கள். நுரை பலகையின் பின்பகுதியைத் தூக்கும். பலகை கரையை நோக்கி வழுக்கத் தொடங்கும். பிறகு வேகம் சீராகும். அந்தச் சீரான வேகத்தை வயிற்றில் உணர்ந்த பிறகுதான் கைகளை ஊன்ற வேண்டும். தொடக்கத்தில் ஓரிரு அலைகளில் எழாமல் படுத்தபடியே கரை வரை வருவதை நான் வற்புறுத்திச் சொல்வேன். பலகை எந்தக் கணத்தில் நிலைப்படுகிறது என்பதை உடல் அப்போது கற்றுக்கொள்கிறது.

விழுவதற்கும் முறை உண்டு. தலைகீழாகவோ நின்றவாறு காலை ஊன்றியோ குதிக்காமல், பலகையைவிட்டு விலகி, பக்கவாட்டிலோ முதுகுப்புறமாகவோ தட்டையாக விழ வேண்டும். நீருக்கடியில் இருக்கும்போதும் மேலே வரும்போதும் இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். மேலே வந்ததும் பலகை எங்கே என்று முதலில் பாருங்கள்.

அலைகள் உடையாமல் அமைதியாகவும் கருமையாகவும் தெரியும் நீர்ப்பாதையைக் கண்டால் புதியவர்கள் அதுதான் பாதுகாப்பான இடம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் கரைக்கு வந்த நீர் கடலுக்குள் திரும்பிப் போகும் இழுவை நீரோட்டம் அது. அதில் சிக்கினால் பலகையை விடாமல் அதன்மேல் படுத்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அலை உடையும் பகுதியை அடையலாம். அங்கிருந்து நுரையே உங்களைக் கரைசேர்க்கும். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையே உயிர்காப்பாளரின் கண்காணிப்பு உண்டு. தனிச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. சில கரைகளில் நீச்சலுக்கும் அலைச்சறுக்குக்கும் பகுதிகளைப் பிரித்திருப்பார்கள். எங்கே இறங்குவது என்பதைப் பயிற்சியாளரே முடிவு செய்யட்டும்.

சுற்றுலா வழிகாட்டிகளில் அரிதாகவே காணப்படும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதன்முறையாக அலைச்சறுக்கில் ஈடுபடுபவர்களுக்கு, அடிபடாமலேயே தண்டுவடம் பாதிக்கப்படும் நிலையை ஹவாய் மருத்துவர்கள் 2004-இல் விவரித்தார்கள். பலகையில் குப்புறப் படுத்து, முதுகை நெடுநேரம் பின்னால் வளைத்தபடியே இருப்பதால் தண்டுவடத்துக்கான இரத்த ஓட்டம் தடைப்படுவதே காரணமாகக் கருதப்படுகிறது. இது மிக அரிது. என்றாலும் ஆரோக்கியமான இளையர்களுக்கே பெரும்பாலும் நேர்ந்திருக்கிறது. எனவே அலைக்குக் காத்திருக்கும்போது படுத்தே கிடக்காமல் எழுந்து நில்லுங்கள் அல்லது பலகையில் உட்காருங்கள். திடீரென்று முதுகு வலித்து, கால்கள் மரத்துப்போவது போலவோ வலுவிழப்பது போலவோ தோன்றினால், அடுத்த அலைக்காகக் காத்திராமல் உடனே கரையேறி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். களைப்பு என்று எண்ணி அவர்கள் மறைத்துவிடக்கூடும்.

ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரப் பாடத்தின் கடைசிப் பகுதியில்தான் விழுவது அதிகமாகும். தோள்கள் தளர்ந்து, எழும் வேகம் குறைந்துவிடுவதே அதற்குக் காரணம். அப்போது "இன்னும் ஒரே ஓர் அலை" என்று கேட்காமல் கரையேறிவிடுங்கள். மறுநாள் தோளும் விலாவும் வலிக்கும் என்பதால், விடுமுறையின் தொடக்கத்திலேயே முதல் பாடத்தை வைத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு அதே பயிற்சியாளரிடம் இரண்டாம் பாடத்தையும் பதிவுசெய்துகொள்ளுங்கள். அந்த இரண்டாம் பாடத்தில், முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகு உங்களைத் தள்ளிவிட வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு, எந்த அலைக்குத் திரும்பிப் படுப்பது, எப்போது கைகளை வலிப்பது என்பதை நீங்களே முடிவு செய்து பாருங்கள்.